முட்டையும் பாலும் இல்லாத பம்பாய் டோஸ்ட்: தேங்காய்ப்பாலில் எப்படி இறுகச் செய்வது

கேள்வி இதுதான்: வீட்டில் ஒருவர் முட்டை, பால், பட்டர் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். பிள்ளைகளுக்கோ ஞாயிறு காலையில் பம்பாய் டோஸ்ட் வேண்டும். வாழைப்பழத்தைத் தேங்காய்ப்பாலில் மசித்து, பாணைத் தோய்த்துச் சுட்டால் கல்லில் ஒட்டுகிறது, வெளியே கருகுகிறது, உள்ளே களியாகவே இருக்கிறது. என்ன செய்யலாம்?

வாழைப்பழத்தை விட்டுவிட்டுக் கடலை மாவை எடுங்கள். நீங்கள் சொல்லும் மூன்று கோளாறுக்கும் காரணம் ஒன்றே. அந்தக் கலவையில் சூட்டில் இறுகக்கூடியது எதுவும் இல்லை.

முட்டையின் முதல் வேலை இறுகுவது. வெள்ளைக்கரு 60 பாகை செல்சியஸைத் தாண்டியதும் கெட்டிப்படத் தொடங்கும். 80 பாகையை எட்டும்போது முட்டை முழுவதும் இறுகிவிடும். பாணின் துளைகளுக்குள் இறங்கிய பாலை அது அங்கேயே பிடித்து நிறுத்துவதால்தான் நடுப்பகுதி வட்டிலப்பம் போல மெத்தென்று வருகிறது. அடுத்த வேலை நிறம். முட்டையிலும் பாலிலும் உள்ள புரதம் பாலின் இயல்பான சீனியோடு சூட்டில் சேரும்போதுதான் அந்தப் பொன்னிறமும் வாசமும் வருகின்றன. கொழுப்பும் நீரும் பிரியாமல் ஒன்றாக நிற்பதற்கும் முட்டை உதவுகிறது.

நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தில் மாப்பொருள் பெரும்பாலும் சீனியாக மாறிவிட்டிருக்கும். சீனி இறுகாது, கருகத்தான் செய்யும். தேங்காயை முதலில் பிழிந்தெடுக்கும் கெட்டியான முதற்பாலில் கொழுப்பு தாராளம், புரதம் மிகக் கொஞ்சம். இரண்டையும் சேர்த்தால் ருசியான கலவைதான். ஆனால் கல்லில் வைத்தால் நீர் கொஞ்சம் வற்றுவதோடு சரி. உள்ளே களி, வெளியே கரி என்று முடிவது அதனால்தான். ஆளி விதையை அரைத்து ஊறவைத்துச் சேர்க்கச் சொல்பவர்களும் உண்டு. கேக்குக்கு அது பொருந்தும். இங்கே அது கொழகொழப்பை மட்டும் தந்து, கலவை பாணுக்குள் இறங்குவதையும் தடுத்துவிடும். விலை கொடுத்து வெளிநாட்டு முட்டை மாற்றுத் தூள் வாங்கவும் தேவையில்லை.

கடலை மாவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு புரதம்; ஏறக்குறையப் பாதி மாப்பொருள். இரண்டும் சூட்டில் இறுகுபவை. அந்தப் புரதம் நிறத்துக்கும் உதவும். முட்டைக்கும் அதற்கும் உள்ள ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. முட்டை 80 பாகைக்குள் தன் வேலையை முடித்துவிடும். கடலை மாவின் பச்சை வாசம் போய் நடுப்பகுதி இறுகுவதற்கு உட்புறம் 90 பாகையை நெருங்க வேண்டும். ஆகவே முட்டை டோஸ்ட்டுக்கு வைக்கும் அதே நெருப்பில் அதே நேரம் சுட்டால் இது தோற்கும். நெருப்பைக் குறைத்து நேரத்தைக் கூட்ட வேண்டும்.

ஆறு துண்டுப் பாணுக்கு அளவு இப்படி: முதற்பால் 200 மில்லிலீற்றர், தண்ணீர் 100 மில்லிலீற்றர், கடலை மா 30 கிராம் (மட்டமாக 4 மேசைக்கரண்டி), கோன்ஃப்ளவர் 10 கிராம் (சற்றுக் குவித்த 1 மேசைக்கரண்டி), சீனி 2 தேக்கரண்டி, உப்புக் கால் தேக்கரண்டி, கறுவாத்தூள் அரைத் தேக்கரண்டி, இரண்டு ஏலக்காயின் தூள், வனிலா 1 தேக்கரண்டி, கத்தி முனையில் எடுத்த அளவு மஞ்சள் தூள். மஞ்சள் தூள் நிறத்துக்கு மட்டும். கூடினால் வாயில் தெரியும். உப்பைக் குறைக்காதீர்கள். தேங்காய்ப்பாலும் கடலை மாவும் சேர்ந்த கலவை உப்பில்லாமல் சப்பென்று இருக்கும், எவ்வளவு பாணி ஊற்றினாலும் அந்தச் சப்பை போகாது.

கோன்ஃப்ளவர் எதற்கு என்றால், கடலை மா மட்டும் போட்டால் நடுப்பகுதி கொஞ்சம் மாவு மாவாக வரும். கோன்ஃப்ளவர் வழுவழுப்பாக இறுகி அதைச் சரிசெய்யும். அதையே 20 கிராமுக்குக் கூட்டிவிட்டால் ரப்பர்த்தன்மை வந்துவிடும். 10 கிராமில் நிறுத்துங்கள்.

கலக்கும் ஒழுங்கு முக்கியம். கறுவாத்தூளை நேரே பாலில் போட்டால் நனையாமல் மேலே மிதக்கும். முதல் துண்டு முழுவதையும் அள்ளிக்கொள்ளும், மற்றவற்றுக்கு ஒன்றும் மிஞ்சாது. எனவே கறுவா, ஏலம், சீனி, உப்பு, மஞ்சள் அனைத்தையும் உலர்ந்த மாக்களோடு சேர்த்துக் கலந்துகொள்ளுங்கள். அதில் தண்ணீரில் பாதியை மட்டும் விட்டுக் கட்டியில்லாத பசையாக்கிய பிறகு மீதித் தண்ணீரையும் தேங்காய்ப்பாலையும் ஊற்றுங்கள். ஒரேயடியாக எல்லாத் திரவத்தையும் ஊற்றினால் கடலை மா கட்டி கட்டியாக நிற்கும். வடித்து, 20 நிமிடம் மூடி வையுங்கள். இந்த 20 நிமிடத்தில் மா நீரை உறிஞ்சி ஊதுகிறது. அவசரத்தில் இதைத் தவிர்த்தால் பச்சை மா வாசமும் நறநறப்பும் டோஸ்டில் தெரியும். கரண்டியின் பின்புறத்தில் மெல்லிய படலமாக நிற்பதுதான் சரியான பதம். தோசை மா அளவுக்குத் தடித்தால் பாணுக்குள் இறங்காது. இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு இளக்குங்கள்.

கடலை மா வாசமே வீட்டில் பிடிக்காதென்றால், உலர்ந்த தாச்சியில் சிறு நெருப்பில் 3, 4 நிமிடம் வாசம் வரும்வரை வறுத்து ஆறவிட்டுப் பாவிக்கலாம். மாவைத் தண்ணீரில் காய்ச்சிக் கூழாக்கிச் சேர்ப்பதைத் தவிருங்கள். ஏற்கனவே இறுகிய கூழ் பாணுக்குள் போகாமல் மேலே பூச்சாகத்தான் நிற்கும்.

இதைவிட நல்ல மாற்று, நம் வீடுகளில் பயற்றம் பணியாரத்துக்கு வைத்திருக்கும் வறுத்த பயற்றம் மா. தேங்காய்ப்பாலோடும் பாணியோடும் அதற்கு இருக்கும் பொருத்தம் கடலை மாவுக்கு இல்லை. வறுபட்டதால் அதன் இறுகும் வலு குறைவு. ஆகவே பயற்றம் மா 25 கிராம், கோன்ஃப்ளவர் 15 கிராம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். நிறம் சற்று மங்கலாகத்தான் வரும், ருசி ஈடுகட்டும்.

இனிப் பாண். கலவை எவ்வளவு சரியாக இருந்தாலும் பாண் பிழையானால் எல்லாம் பிழையாகும். சீவி விற்கும் மெல்லிய சான்ட்விச் பாண் நனைந்ததும் கிழியும். வெட்டாத 450 கிராம் அச்சுப் பாணை வாங்கி, 2 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவான தடிப்பில் நீங்களே வெட்டுங்கள். மாலையில் முச்சக்கரவண்டியில் வரும் பாணை வாங்கி வைத்தால் மறுநாள் காலைக்குப் பதமாக இருக்கும். சுடச்சுட வாங்கிய பாணில் ஏற்கனவே ஈரம் நிறைய. அதற்குக் கலவையை ஏந்த இடமில்லை.

வெளிநாட்டுச் செய்முறைகள் பாணை இரவு முழுக்கத் திறந்து வைத்து உலர்த்தச் சொல்லும். கொழும்பின் ஈரக்காற்றில் அது நடக்காது. பாண் உலராமல் சவுக்கென்று போகும், மழை நாட்களில் பூஞ்சணமும் பிடிக்கும். அதற்குப் பதிலாகக் காலையில் வெட்டிய துண்டுகளை அவணில் 120 பாகையில் 10 நிமிடம், அல்லது எண்ணெயில்லாத தோசைக்கல்லில் சிறு நெருப்பில் ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை நிமிடம் காயவிடுங்கள். மேற்பரப்பு கையில் உலர்வாகத் தெரிந்தால் போதும். நிறம் மாறத் தேவையில்லை.

தோய்ப்பதற்குத் தட்டையான பாத்திரம் நல்லது. உலர்த்திய பாணென்றால் ஒவ்வொரு பக்கமும் 20 முதல் 30 விநாடி. உலர்த்தாததென்றால் 8 முதல் 10 விநாடிக்கு மேல் வேண்டாம். ஒரு துண்டு 40 முதல் 45 மில்லிலீற்றர் குடிக்கும்; 300 மில்லிலீற்றர் கலவையில் ஆறு துண்டும் முடிந்து கொஞ்சம் மிஞ்ச வேண்டும். நாலாவது துண்டிலேயே கலவை தீர்ந்தால் நீங்கள் அதிக நேரம் ஊறவிட்டிருக்கிறீர்கள், நடுப்பகுதி வேகாது. எடுத்த துண்டை இரண்டு மூன்று விநாடி தூக்கிப் பிடித்து வடியவிட்டே கல்லில் போடுங்கள்.

பலரும் தவறவிடும் இடம் இது: கடலை மா அடியில் படியும். முட்டைக் கலவை அப்படிப் படியாது, அதனால் இந்தப் பழக்கம் நமக்கு இல்லை. ஒவ்வொரு துண்டைத் தோய்க்கும் முன்னும் அடிவரை கலக்குங்கள். கலக்காவிட்டால் முதல் இரண்டு துண்டும் வெறும் தேங்காய்ப்பாலில் நனைந்து களியாகும். கடைசித் துண்டு பஜ்ஜி ஆகிவிடும்.

பழகிய இரும்புத் தோசைக்கல் அல்லது கீறல் விழாத நொன்ஸ்டிக் தாச்சி. இரண்டுமே சரி; மெல்லிய அலுமினியத் தாச்சியைத் தவிருங்கள், அது நடுவில் கரித்து ஓரத்தில் பச்சையாக விடும். கல்லை நடுத்தர நெருப்பில் மூன்று நிமிடம் காயவிட்டு, தண்ணீர்த் துளி தெளித்தால் துள்ளி ஓடும்போது நெருப்பைக் குறைத்து, துண்டுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விடுங்கள். பாணைப் போட்டதும் மெதுவான ஒரே சீரான சீறல் கேட்க வேண்டும். சடசடத்தால் சூடு அதிகம், சத்தமே இல்லாவிட்டால் பாண் எண்ணெய் குடிக்கிறது.

முதல் பக்கம் 4 நிமிடம். அதில் முதல் ஒரு நிமிடத்துக்கு மூடி போடுங்கள். ஆவி நடுப்பகுதியைச் சூடேற்றிவிடும். பிறகு மூடியை எடுத்தே ஆக வேண்டும், இல்லையேல் மேலோடு மொறுமொறுப்பாகாது. மூன்று நிமிடத்துக்கு முன் கிளப்பிப் பார்க்காதீர்கள். இறுகாத படலம் கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும். இறுகி நிறம் வந்ததும் தானாகவே கழன்று கொடுக்கும். தட்டகப்பையை நுழைக்கும்போது எதிர்த்தால் இன்னும் அரை நிமிடம் பொறுங்கள். பிறகு திருப்பி, மறுபடியும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு 3 நிமிடம். நடுவில் விரலால் மெல்ல அழுத்தினால் பள்ளம் விழாமல் மேலெழ வேண்டும். அழுத்தும்போது ஓரத்தில் பால் கசிந்தால் நெருப்பை இன்னும் குறைத்து, பக்கத்துக்கு ஒரு நிமிடம் கூட வையுங்கள்.

நிறம் வெளிறியே இருக்கிறதென்றால் கலவையில் புரதம் போதவில்லை. தண்ணீருக்குப் பதிலாக 100 மில்லிலீற்றர் சோயாப்பால் விடுங்கள். சோயாவின் புரதம் நிறத்தையும் கூட்டும், இறுகவும் வைக்கும். சாதாரண நாட்களில் நான் பரிந்துரைப்பது இந்தக் கலப்பைத்தான்: 200 தேங்காய்ப்பால், 100 சோயாப்பால். கடைகளில் கிடைக்கும் பக்கற் சோயாப்பாலில் பல வகைகள் ஏற்கனவே இனிப்பும் வனிலாவும் சேர்த்தவை. அப்படியானால் கலவையிலிருந்து சீனியையும் வனிலாவையும் எடுத்துவிடுங்கள். நிறத்துக்காகக் கருப்பட்டியையோ பாணியையோ கலவையில் கரைக்க வேண்டாம். அவை உள்ளே வேகுமுன் வெளியே கருகிவிடும். அவற்றின் இடம் மேலே.

முட்டை வாசம் இல்லையே என்று யாராவது குறைப்பட்டால் கறுப்பு உப்பு உண்டு. அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அவித்த முட்டை வாசத்தைத் தரும். இந்துப்பு இதற்கு உதவாது, கடையில் பெயரைத் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். தூளாக்கியது மங்கிய இளஞ்சிவப்பாக இருக்கும். வெள்ளவத்தையில் இந்தியப் பொருட்கள் விற்கும் கடைகளிலும் புறக்கோட்டை நாலாம், ஐந்தாம் குறுக்குத் தெருப் பலசரக்குக் கடைகளிலும் விசாரித்துப் பாருங்கள். சாதாரண உப்பில் பாதியைக் குறைத்து, அந்த அளவுக்கு இதைத் தோய்ப்பதற்குச் சற்று முன் போட வேண்டும். நீண்ட சூட்டில் வாசம் பறந்துவிடும். கறுவாவும் பாணியும் சேரும் இனிப்பு டோஸ்டில் இது தேவையே இல்லை என்பதுதான் என் அபிப்பிராயம்.

வீட்டில் ஒருவர் உண்மையாகவே விலங்குப் பொருள் எதுவும் தொடாதவர் என்றால், கலவையைவிடப் பக்கற்றுகளில்தான் கவனம் வேண்டும். தேங்காய்ப்பால் மா வகைகள் பலவற்றில் சோடியம் கேசினேற் சேர்ந்திருக்கும். அது பசுப்பாலிலிருந்து எடுக்கும் புரதம். தூள் நீரில் சீராகக் கரைவதற்காகச் சேர்க்கிறார்கள். முன்பக்கத்தில் தேங்காய்ப் படத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், பின்பக்கப் பட்டியலை வாசியுங்கள். மாஜரினிலும் பால் திண்மங்கள் இருக்கலாம், பாணிலும் பால்மா இருக்கலாம். பேக்கரியில் வாங்குகிறீர்கள் என்றால் மேலே முட்டை பூசினார்களா, பால்மா போட்டார்களா என்று கேட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாட்டுக்காக முட்டையை மட்டும் தவிர்ப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்கள் தேங்காய்ப்பாலுக்குப் பதில் பசும்பால் 300 மில்லிலீற்றர் விட்டு, மா அளவுகளை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

தேங்காய்ப்பாலை வீட்டில் பிழிவதே சிறந்தது. நடுத்தரத் தேங்காய் ஒன்றின் பூவை 150 மில்லிலீற்றர் இளஞ்சூட்டு நீரில் பிசைந்து பிழிந்தால் ஏறக்குறைய 200 மில்லிலீற்றர் முதற்பால் கிடைக்கும். இரண்டாம் பாலைத் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றலாம். இரண்டாம் பாலை மட்டும் வைத்துச் செய்தால் கொழுப்புப் போதாமல் டோஸ்ட் வறண்டு போகும்.

மேலே ஊற்றுவதற்குக் கித்துள் பாணிதான் முதல் தெரிவு. சீனிப்பாகு கலந்த போலிப் பாணி சந்தையில் தாராளம் என்பதால் நம்பிக்கையான இடத்தில் வாங்குங்கள். தென்னம் பாணி இலேசான ருசி. பனங்கட்டி கிடைத்தால் 100 கிராமை 60 மில்லிலீற்றர் தண்ணீரில் கரைத்து வடித்து, சிறு நெருப்பில் 4, 5 நிமிடம் காய்ச்சினால் டோஸ்டுக்குப் போதுமான பாணி. வடிக்காவிட்டால் மண் கடிபடும். தேன் தேனீயிடமிருந்து வருவதால் தாவர உணவு மட்டும் உண்பவர்கள் அதைத் தவிர்ப்பார்கள்.

கொஞ்சம் கூடுதலாகச் செய்ய மனமிருந்தால், 100 கிராம் தேங்காய்ப்பூவை 80 மில்லிலீற்றர் கித்துள் பாணி, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு சிறு துண்டுக் கறுவாவோடு 5, 6 நிமிடம் பிரட்டி, ஈரம் வற்றியும் உதிராமலும் இருக்கும் பதத்தில் இறக்குங்கள். சூடான டோஸ்டின் மேல் அதை வைத்து, வட்டமாக வெட்டிய கோழிக்கூட்டு வாழைப்பழத்தையும் வையுங்கள். வாழைப்பழத்துக்கு உரிய இடம் இதுதான். தேங்காய்ப்பூவில் பாணி இருப்பதால் மேலே மறுபடியும் ஊற்ற வேண்டாம், திகட்டும்.

பிள்ளைகளின் சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு முட்டையில் ஏறத்தாழ 12 கிராம் புரதம். 30 கிராம் கடலை மாவில் அதில் பாதிதான். சோயாப்பால் சேர்ப்பதற்கு அது இன்னொரு காரணம். முட்டை, பால், இறைச்சி, மீன் அனைத்தையும் விட்டவருக்கு விற்றமின் பி12 சாதாரணத் தாவர உணவிலிருந்து நம்பும்படியாகக் கிடைக்காது. அதை மருத்துவரிடம் கேட்டுத் தனியாக எடுக்க வேண்டும், எந்தச் சமையல் மாற்றாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

மிஞ்சிய கலவையை வெளியே வைக்காதீர்கள். நம் வெக்கையில் தேங்காய்ப்பால் சில மணித்தியாலத்திலேயே புளிக்கும். குளிர்சாதனப் பெட்டியில் மறுநாள்வரை இருக்கும். தேங்காய்க் கொழுப்பு 24, 25 பாகைக்குக் கீழே உறைவதால் மேலே வெள்ளைக் கட்டியாக நிற்கும், பயப்பட வேண்டாம். அரை மணித்தியாலம் வெளியே வைத்து அடித்துக் கலக்கினால் பழைய நிலைக்கு வரும். சுட்டு மிஞ்சிய டோஸ்ட்டையும் குளிரில் வைக்கலாம். மைக்ரோவேவில் சூடாக்கினால் தோல்போல இழுபடும்; எண்ணெயில்லாத கல்லில் சிறு நெருப்பில் பக்கத்துக்கு 2 நிமிடம் சூடாக்குங்கள். பள்ளிக்கூடப் பெட்டிக்குக் கொடுப்பதானால் கம்பித் தட்டில் 10 நிமிடம் ஆறவிட்டு மூடுங்கள், பாணியைத் தனிச் சிறு போத்தலில் கொடுங்கள்.